‘கவனக்குறைவு’ என்ற சொல்லின் விலை 23,000 ரூபாய்

மந்தைவெளியில் மூன்று வீடுகளில் வேலை செய்யும் அக்கா ஒருவர், ஒரு திங்கள்கிழமை மாலை எங்களைத் தேடி வந்தார். கையில் பாஸ்புக்கும் ஒரு ஏடிஎம் கார்டும் இருந்தன. கார்டை வாங்கிப் பார்த்தோம். வங்கி அதேதான், நிறமும் அதேதான். பெயர் மட்டும் வேறு யாருடையதோ. இரண்டு நாட்களாக அந்தக் கார்டைத்தான் முந்தானையில் முடிந்து வைத்திருந்திருக்கிறார். ஆங்கிலத்தில் அச்சடித்த பெயரைப் படிக்கத் தெரியாதவருக்கு, அது தன் கார்டு இல்லை என்பது எப்படித் தெரியும்?

நடந்தது இதுதான். சனிக்கிழமை சாயங்காலம் வேலை முடிந்து, லஸ் பக்கம் இருக்கும் ஓர் ஏடிஎம்மில் 2,000 ரூபாய் எடுக்கப் போயிருக்கிறார். அங்கே காவலாளி இல்லை. திரையில் வந்த கேள்வி புரியாமல் நின்றபோது, பின்னால் நின்ற பையன் “குடுங்கம்மா, நா எடுத்துத் தர்றேன்” என்றிருக்கிறான். கார்டைக் கொடுத்தார், நம்பரையும் சொன்னார். 2,000 ரூபாயை எண்ணிக் கையில் கொடுத்தவன், கார்டையும் கொடுத்தான். கொடுத்தது வேறு கார்டு.

அன்றிரவு வேறோர் ஏடிஎம்மில் 10,000. ஞாயிற்றுக்கிழமை இன்னொரு 10,000. அன்றே தி.நகரில் ஒரு கடையில் 3,000 ரூபாய்க்கு ஸ்வைப். திங்கள்கிழமை காலை 11 மணிக்கு, மகளின் கல்லூரிக் கட்டணத்துக்குப் பணம் எடுக்க வங்கிக் கிளைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்திருக்கிறது. உடனே சொல்லி அழுதிருக்கிறார். “லெட்டர் எழுதிக்கிட்டு மதியானத்துக்கு மேல வாம்மா” என்று அனுப்பிவிட்டார்கள். பிற்பகல் 3 மணிக்கு அதே கார்டிலிருந்து மேலும் 4,000 ரூபாய் போயிற்று. கார்டை முடக்கியது மாலையில்தான்.

எஸ்எம்எஸ் வரவில்லையா என்று கேட்டோம். வந்திருக்கிறது, ஆனால் வேறு ஒருவருக்கு. ஜன்தன் முகாமில் கணக்குத் தொடங்கியபோது அக்காவிடம் போன் இல்லை. அப்போது வேலை பார்த்த அடையாறு வீட்டு அம்மாவின் நம்பரைக் கொடுத்திருந்தார். அந்த வீட்டை விட்டு நின்றே இரண்டு வருடமாகிறது. யாரோ ஒருவரின் போனில், படிக்கப்படாத விளம்பரங்களுக்கு நடுவே, நம் அக்காவின் வாழ்க்கை கிடந்திருக்கிறது.

சில வாரங்கள் அலைந்தோம். முடிவில், திங்கள் காலை தகவல் சொன்ன பிறகு போன 4,000 ரூபாயை வங்கி திருப்பித் தந்தது. மீதி 23,000 ரூபாய்க்குக் கடிதத்தில் ஒரே வரி: வாடிக்கையாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்பு.

இந்தக் கட்டுரை அந்த ஒரு சொல்லைப் பற்றியது.

பூட்டு வலுவானது, திருடன் இடம் மாறினான்

முதலில் தொழில்நுட்பத்தைப் புரிந்துகொள்வோம். கார்டின் பின்புறம் இருக்கும் கறுப்புப் பட்டையில் நம் விவரங்கள் மாறாமல் அப்படியே பதிந்திருக்கும். அதை ஒரு சின்னக் கருவியில் தேய்த்தால் போதும், நகல் எடுத்துவிடலாம். இதற்குப் பெயர் ஸ்கிம்மிங். முன்புறம் தங்க நிறத்தில் இருக்கும் சிப் அப்படியல்ல. அதற்குள் ஒரு ரகசியச் சாவி இருக்கிறது. அந்தச் சாவி சிப்பை விட்டு வெளியே வருவதே இல்லை. ஒவ்வொரு முறை கார்டைச் செருகும்போதும், அந்த ஒரு பரிவர்த்தனைக்கு மட்டும் செல்லுபடியாகும் புதிய குறியீட்டை சிப் உருவாக்கிக் கொடுக்கிறது. நேற்றைய குறியீட்டைத் திருடி வைத்திருப்பவனுக்கு இன்று பயனில்லை.

இந்தப் பூட்டுகளை ரிசர்வ் வங்கி ஒவ்வொன்றாகப் போட்டது. 2009 ஆகஸ்ட் 1 முதல், இணையத்தில் கார்டைப் பயன்படுத்தினால் கார்டில் அச்சிட்ட எண்கள் மட்டும் போதாது, கூடுதலாக ஒரு ரகசியமும் வேண்டும் என்றது. நாம் பார்க்கும் ஓடிபி அங்கிருந்து வந்ததுதான். 2015இல் புதிய கார்டுகள் சிப்புடன் வரவேண்டும் என்று ஆணையிட்டது. பழைய பட்டைக் கார்டுகளை மாற்ற 2018 டிசம்பர் 31 வரை கெடு கொடுத்தது. 2020 அக்டோபர் முதல், இணையப் பயன்பாடு, வெளிநாட்டுப் பயன்பாடு, தட்டிச் செலுத்தும் வசதி ஆகியவற்றை நாமே ஆன், ஆஃப் செய்துகொள்ளலாம். 2022 அக்டோபர் 1 முதல், இணையக் கடைகள் நம் கார்டு எண்ணைச் சேமித்து வைக்க முடியாது. அதற்குப் பதில் டோக்கன் என்ற மாற்று எண்ணைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாம் நல்லவை. நாம் தொழில்நுட்பத்துக்கு எதிரிகள் அல்லர். ஆனால் ஒரு வாசலை இறுக்கிப் பூட்டினால் திருடன் அடுத்த வாசலைத் தேடுவான். சிப்பை உடைப்பது கடினம். மனிதரை ஏமாற்றுவது எளிது. ஆகவே திருட்டு, இயந்திரத்திலிருந்து மனிதருக்கு இடம் மாறியது. கூடவே பழியும் இடம் மாறியது. “சிப் உடையாது, பின் நம்பர் சரியாக இருந்தது, அப்படியானால் தவறு உன்னுடையதுதான்” என்பது இப்போது வங்கிக் கவுன்ட்டரில் தயாராக இருக்கும் பதில்.

இந்தப் பதிலை உலகம் ஏற்கெனவே கேட்டிருக்கிறது. பிரிட்டனில் 2006 பிப்ரவரியில் சிப்பும் பின் நம்பரும் கட்டாயமாயின. அதன் பிறகு பணம் பறிகொடுத்தவர்களிடம் வங்கிகள் இதையேதான் சொல்லின. 2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், திருடப்பட்ட சிப் கார்டை, சரியான பின் நம்பர் தெரியாமலேயே கடை இயந்திரத்தில் பயன்படுத்த முடியும் என்று செய்து காட்டினார்கள். உடையாது என்று சொல்லப்பட்டது உடைந்தது. அதுவரை ‘நீதான் கவனக்குறைவு’ என்று திருப்பி அனுப்பப்பட்டவர்களின் நிலை என்ன?

அந்தக் குழுவில் ஒருவரான ராஸ் ஆண்டர்சன் 1993இலேயே ஒரு முக்கியமான விஷயத்தை எழுதியிருந்தார். 1980இல் நியூயார்க்கில் ஒரு வழக்கு. பணத்தை நான் எடுக்கவில்லை என்கிறார் வாடிக்கையாளர். இயந்திரம் பொய் சொல்லாது என்கிறது வங்கி. நீதிமன்றம் மனிதரின் வார்த்தையை நம்பியது. நிரூபிக்கும் சுமை வங்கியின் தலையில் விழுந்தது. அதனால் அமெரிக்க வங்கிகள் பாதுகாப்பில் அக்கறை காட்டின. புகார்களை எளிதாகத் தள்ளிவிட முடிந்த பிரிட்டன் வங்கிகளோ மெத்தனமாக இருந்தன என்பது அவர் கண்டது. நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இழப்பு யார் தலையில் விழுமோ, அவர்தான் பூட்டை வலுவாகப் போடுவார்.

விதி என்ன சொல்கிறது?

இந்தியாவிலும் விதி இருக்கிறது. 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி வெளியிட்ட சுற்றறிக்கையை, சமூகப் பணியில் இருக்கும் ஒவ்வொருவரும் படித்திருக்க வேண்டும்.

அது இழப்பை மூன்றாகப் பிரிக்கிறது. முதலாவது, வங்கியின் மோசடியாலோ குறைபாட்டாலோ நடந்தது. இதில் வாடிக்கையாளருக்கு ஒரு பைசா இழப்பும் கூடாது. இரண்டாவது, வங்கியும் காரணமில்லை, வாடிக்கையாளரும் காரணமில்லை, இடையில் வேறெங்கோ ஓட்டை. வங்கியின் தகவல் கிடைத்து மூன்று வேலை நாட்களுக்குள் புகார் சொன்னால், இதிலும் முழுப் பணமும் திரும்ப வேண்டும். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் சொன்னால் நம் இழப்புக்கு ஓர் உச்சவரம்பு உண்டு: ஜன்தன் போன்ற அடிப்படைச் சேமிப்புக் கணக்குக்கு 5,000 ரூபாய், மற்ற சேமிப்புக் கணக்குக்கு 10,000 ரூபாய். அதற்கும் பிறகு என்றால் அந்தந்த வங்கியின் கொள்கைப்படி.

மூன்றாவதுதான் நம் அக்காவைப் போட்ட பெட்டி. பின் நம்பரையோ ஓடிபியையோ பகிர்ந்ததுபோல, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் நடந்தது. இதில் புகார் சொல்லும் நிமிடம் வரை முழு இழப்பும் நம்முடையது. சொன்ன பிறகு நடப்பது வங்கியுடையது. அந்த 4,000 ரூபாய் திரும்பி வந்தது இந்த ஒரு வரியால்தான்.

அதே சுற்றறிக்கையில் இன்னொரு வரியும் இருக்கிறது. பொறுப்பு வாடிக்கையாளருடையது என்று நிரூபிக்க வேண்டிய சுமை வங்கிக்கு உரியது. இந்த வரி எந்தக் கிளையின் சுவரிலும் ஒட்டப்பட்டு நாங்கள் பார்த்ததில்லை. கவுன்ட்டரில் நடப்பது நேர் எதிர். “நீதான் ஓடிபி சொல்லியிருப்பே” என்று முதலிலேயே தீர்ப்பு எழுதிவிட்டு, அப்படி இல்லை என்று நிரூபிக்கும் வேலையை நம்மிடம் தள்ளுகிறார்கள்.

யாருக்கு ரகசியம் வைத்துக்கொள்ள வசதி இருக்கிறது?

பின் நம்பரை யாரிடமும் சொல்லாதே என்கிறது விளம்பரம். நல்ல அறிவுரை. ஆனால் அந்த அறிவுரை ஒரு குறிப்பிட்ட மனிதரை மனதில் வைத்துப் பேசுகிறது. அவருக்குத் தன் பெயரில் சொந்த போன் இருக்கிறது. ஆங்கிலத்தில் வரும் எஸ்எம்எஸ்ஸைப் படிக்கத் தெரிகிறது. திரையைப் பார்த்துப் பதறாமல் நிற்க, பள்ளியும் கல்லூரியும் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. அந்த மனிதர் யார், எந்தத் தெருவில் இருக்கிறார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை.

நம் மக்கள் பின் நம்பரைச் சொல்வது அறியாமையால் மட்டும் அல்ல. சொல்லாமல் வாழ முடியாத நிலையால்தான். வேலை செய்யும் வீட்டு அம்மா, “குடு, நானே எடுத்துட்டு வந்துடறேன்” என்றால் மறுக்க முடியுமா? மறுத்தால் “என்னையே நம்ப மாட்டியா?” என்று கேள்வி வரும். ஒன்பதாவது படிக்கும் பேரனிடம் கார்டைக் கொடுக்காமல் முதியோர் உதவித்தொகையை எப்படி எடுப்பது? பக்கிங்ஹாம் கால்வாய் ஓரத்திலிருந்து பெரும்பாக்கத்துக்குத் தூக்கி எறியப்பட்ட குடும்பத்தின் வங்கிக் கிளை இன்னும் மயிலாப்பூரில்தான் இருக்கிறது. ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஒரு புகாருக்கு ஒருநாள் கூலி போகும். அக்கம்பக்கத்தில் விவரம் தெரிந்தவரிடம் கார்டைக் கொடுத்தனுப்புவதுதான் அவர்களுக்குத் தெரிந்த இணையவழி வங்கிச் சேவை.

எல்லாவற்றையும்விடக் கொடியது கார்டு அடமானம். சம்பளம் ஏறும் நாளில் ஏடிஎம் வாசலில் வட்டிக்காரர் நிற்பதைத் தூய்மைப் பணியாளர்களோடு வேலை செய்த எவரும் பார்த்திருப்பார்கள். அவர் கையில் ரப்பர் பேண்ட் போட்ட பத்துப் பதினைந்து கார்டுகள். ஒவ்வொன்றின் மேலும் ஒட்டிய துண்டுத்தாளில் பின் நம்பர். தேனாம்பேட்டை, கோடம்பாக்கம், அடையாறு மண்டலங்களின் தெருக்களை விடியலுக்கு முன் பெருக்கி முடிக்கும் பெண்ணின் சம்பளத்தை, அவருக்கு முன்பாக வேறொருவர் எடுக்கிறார். தமிழ்நாட்டில் கந்துவட்டித் தடைச் சட்டம் 2003 முதல் இருக்கிறது. ஆனால் அந்தக் கார்டிலிருந்து கூடுதலாகப் பணம் போனால், வங்கியின் அகராதியில் அதுவும் ‘பின் நம்பரைப் பகிர்ந்த கவனக்குறைவு’தான்.

தலைமுறை தலைமுறையாகப் படிப்பைப் பறித்துவிட்டு, ஊருக்கு வெளியே குடியமர்த்திவிட்டு, இடைத்தரகர் இல்லாமல் எந்த அலுவலகப் படியும் ஏற முடியாதபடி செய்துவிட்டு, கடைசியில் “ஏன் இடைத்தரகரை நம்பினாய்?” என்று கேட்பதைத்தான் கவனக்குறைவு என்கிறார்கள்.

இது நம்மை மட்டும் தாக்கும் என்றும் நினைக்க வேண்டாம். 2013 நவம்பரில் பெங்களூருவில், மகப்பேறு விடுப்பில் இருந்த ஒரு பெண் 25,000 ரூபாய் எடுத்துவரத் தன் கார்டையும் பின் நம்பரையும் கணவரிடம் கொடுத்தார். இயந்திரம் சீட்டைத் தந்தது, பணத்தைத் தரவில்லை. கணக்கில் பணம் கழிந்துவிட்டது. பச்சைக் குழந்தையோடு வீட்டில் இருந்தவர், கார்டைக் கணவரிடம் கொடுத்ததே விதிமீறல் என்று வாதிடப்பட்டு, 2018இல் நுகர்வோர் மன்றத்தில் வழக்கு தள்ளுபடியானது. படித்த நடுத்தர வர்க்கப் பெண்ணுக்கே இந்தக் கதி என்றால், முந்தானையில் கார்டை முடிந்து வைத்திருக்கும் நம் அக்காவின் கதி என்ன?

வங்கி கவனக்குறைவாக இருந்தால்?

இதே சொல்லை எதிர்ப்பக்கம் திருப்பிப் பார்ப்போம். 2016இல் நாடு முழுவதும் சுமார் 32 லட்சம் டெபிட் கார்டுகளின் விவரங்கள் கசிந்ததாக அக்டோபரில் செய்தி வெடித்தது. ஸ்டேட் வங்கி மட்டும் சுமார் 6 லட்சம் கார்டுகளை முடக்கியது. ஏடிஎம் சேவை அளித்துவந்த ஹிட்டாச்சி பேமென்ட் சர்வீசஸ் நிறுவனம், தன் கணினி அமைப்பில் தீநிரல் புகுந்திருந்ததை 2017 பிப்ரவரியில் ஒப்புக்கொண்டது. யாரும் யாரிடமும் பின் நம்பரைச் சொல்லவில்லை. பூட்டு உடைந்தது அவர்கள் வீட்டில். அந்தச் செய்தி அடங்குவதற்குள் நவம்பர் 8 வந்தது. ரொக்கத்தைச் செல்லாது என்று அறிவித்து, எல்லோரையும் அதே கார்டுகளை நோக்கித் தள்ளினார்கள்.

அடுத்தது நம் ஊரிலேயே நடந்தது. 2021 ஜூனில் வேளச்சேரி, தரமணி, விருகம்பாக்கம் எனச் சென்னையின் பல இடங்களில் ஸ்டேட் வங்கியின் பணம் போடும் இயந்திரங்களிலிருந்து பல லட்சம் ரூபாய் திருடப்பட்டது. பணம் வெளியே வரும் வாயை, எடுத்த பிறகும் மூடவிடாமல் சில விநாடிகள் பிடித்துக்கொள்வது, அதனால் பணம் எடுக்கப்படவில்லை என்று இயந்திரம் கணக்கு எழுதுவது, அவ்வளவுதான் தந்திரம். இயந்திரத்தின் சென்சாரில் இருந்த ஓட்டை அது. என்ன நடந்தது? அந்த இயந்திரங்களில் பணம் எடுக்கும் வசதியை வங்கி உடனே நிறுத்தியது. சென்னை மாநகரக் காவல்துறை தனிப்படை அமைத்து ஹரியானா வரை போனது. அந்த மாதம் முடிவதற்குள்ளேயே கைதுகள் நடந்தன.

காவல்துறை செய்தது சரிதான். நாம் கேட்பது வேறு. அன்று யாராவது வங்கியைப் பார்த்து, “ஓட்டை இயந்திரத்தை ஏன் வைத்தீர்கள்? உங்கள் கவனக்குறைவு, போய் வாருங்கள்” என்று சொன்னார்களா? பணம் வங்கியுடையது என்றால் அது குற்றம். பணம் வீட்டு வேலை செய்யும் பெண்ணுடையது என்றால் அது கவனக்குறைவு. நம் அக்காவின் புகாருக்கு ரசீது வாங்கவே காவல் நிலையத்துக்கு மூன்று முறை நடந்தோம்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதே மயிலாப்பூர், அடையாறு அடுக்குமாடிகளில் ஒரு வீட்டின் கார்டிலிருந்து பணம் போனால், முதல் சந்தேகம் யார் மேல் விழுகிறது? வேலைக்கார அம்மா மேல், வாட்ச்மேன் மேல். எங்கோ உட்கார்ந்து போனில் பேசி ஏமாற்றியவன் கண்ணுக்குத் தெரிவதில்லை. கண்ணுக்குத் தெரிபவர் கூடையோடு சோதிக்கப்படுகிறார். நம் மக்கள் பணத்தை இழந்தால் முட்டாள். மற்றவர் பணம் இழந்தால் திருடர். சாதி இதற்கு மேல் எப்படி வேலை செய்ய வேண்டும்?

வேறு வழி இருக்கிறது

கவனக்குறைவு என்றால் சட்டத்தால் வேறு எதுவும் செய்ய முடியாது என்பது பொய். அமெரிக்காவின் 1978ஆம் ஆண்டு மின்னணுப் பணப் பரிமாற்றச் சட்டத்தின்படி, கார்டு போனது தெரிந்து இரண்டு வேலை நாட்களுக்குள் சொன்னால் வாடிக்கையாளரின் இழப்பு 50 டாலரைத் தாண்டாது. பின் நம்பரைக் கார்டின் மேலேயே எழுதி வைத்திருந்தாலும் கூட, அதைக் காரணம் காட்டிச் சுமையைக் கூட்டக் கூடாது என்கிறது அதன் அதிகாரபூர்வ விளக்கம். ஏமாற்றியோ வழிப்பறி செய்தோ கார்டைப் பெற்றவர் எடுக்கும் பணமும் அங்கீகாரமற்ற பரிவர்த்தனைதான். அதாவது லஸ்ஸில் நடந்தது அங்கே நடந்திருந்தால், அக்காவுக்குக் கிடைத்திருக்கும் பதிலே வேறு.

பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், ஏமாற்றப்பட்டுத் தானே பணம் அனுப்பியவருக்குக்கூட 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் சரிபாதி சுமக்கின்றன. முக்கியமானது இது: எளிதில் பாதிக்கப்படக்கூடிய நிலையில் இருப்பவர்களிடம், அந்த நிலை அவர்கள் ஏமாறக் காரணமாக இருந்தால், ‘நீ கவனமாக இருந்தாயா?’ என்ற கேள்வியையே கேட்கக் கூடாது.

இங்கேயும் நீதிமன்றங்கள் சில கதவுகளைத் திறந்திருக்கின்றன. எஸ்எம்எஸ் வந்தும் வாடிக்கையாளர் பதில் சொல்லவில்லை என்பதால் மட்டும் வங்கி பொறுப்பிலிருந்து தப்ப முடியாது என்று 2019இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 24 மணி நேரத்துக்குள் புகார் சொன்ன அசாம் வாடிக்கையாளர் ஒருவருக்கு 94,204 ரூபாயை ஸ்டேட் வங்கி தர வேண்டும் என்ற குவாஹாட்டி உயர் நீதிமன்றத் தீர்ப்பை, 2025 ஜனவரி 3 அன்று உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது.

ஆகவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. ஜன்தன் கணக்குகளுக்கும் அரசு உதவித்தொகை வரும் கணக்குகளுக்கும் கவனக்குறைவு என்ற காரணமே பொருந்தக் கூடாது. ஏமாற்றிப் பெற்ற பின் நம்பர், பகிர்ந்த பின் நம்பர் ஆகாது என்று விதியில் எழுத வேண்டும். வங்கி எஸ்எம்எஸ் தமிழில் வர வேண்டும். வாய்மொழியாகச் சொன்ன புகாருக்கும் அந்த நிமிடமே நேரத்தோடு ரசீது தர வேண்டும். கார்டு அடமானத்தைக் கந்துவட்டிக் குற்றமாகப் பதிவு செய்ய வேண்டும்.

அதுவரை நாம் செய்ய வேண்டியவை

“வன்கொடுமையும் ஆணவக்கொலையும் நடக்கும் நாட்டில் ஏடிஎம் கார்டைப் பற்றிப் பேச நேரமா?” என்று சில தோழர்கள் கேட்கிறார்கள். அண்ணல் அம்பேத்கர் 1923இல் வெளியிட்ட ஆய்வு நூல் ரூபாயின் சிக்கலைப் பற்றியது. இந்திய நாணயம் குறித்து விசாரித்த ஹில்டன் யங் ஆணையத்தின் முன் சாட்சியம் அளித்தவர் அவர். பணம் எப்படிச் சுழல்கிறது, அதன் இழப்பு யார் தலையில் விடிகிறது என்ற கேள்வியை, நமக்குச் சம்பந்தமில்லாத பொருளாதாரம் என்று அவர் ஒதுக்கவில்லை. 2023 செப்டம்பர் 15 முதல் மகளிர் உரிமைத் தொகை 1,000 ரூபாய் பெண்களின் வங்கிக் கணக்குக்கே வருகிறது. தன் பெயர் அச்சிட்ட கார்டை முதல் முறையாகக் கையில் வாங்கிய பெண்கள் நம் குடியிருப்புகளில் இருக்கிறார்கள். அந்தக் கார்டு அவர் கையிலேயே இருக்க வேண்டும் என்பது சுயமரியாதைப் பிரச்சினை.

கல்லூரி மாணவர்களே, இதற்கு நிதி வேண்டாம், கட்டடம் வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும். அந்த மேசையில் செய்ய வேண்டியவை இவை:

1. கணக்கில் யாருடைய போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். வேறொருவருடையது என்றால் மாற்ற விண்ணப்பம் எழுதிக் கொடுங்கள். இதுதான் முதல் வேலை.

2. கார்டில் இணையம், வெளிநாடு, தட்டிச் செலுத்துதல் ஆகியவை தேவையில்லை என்றால் ஆஃப் செய்ய உதவுங்கள். ஒரு நாளில் எடுக்கும் பண உச்சவரம்பைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள். பின் நம்பரை மட்டும் நீங்கள் கேட்காதீர்கள். நம்பிக்கை என்ற பெயரில் இன்னொரு இடைத்தரகராக நாமே ஆகிவிடக் கூடாது.

3. கார்டைத் திரும்ப வாங்கும்போது பெயரையும் கடைசி நான்கு எண்களையும் பார்க்கப் பழக்குங்கள். எழுத்து தெரியாதவர், கார்டின் மூலையில் தனக்கு மட்டும் தெரிந்த ஓர் அடையாளம் போட்டு வைக்கலாம். ஒரு துளி நகப்பூச்சு போதும்.

4. பணம் போனால் முதலில் கார்டை முடக்க வேண்டும், உடனே 1930க்கு அழைக்க வேண்டும். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறோமோ, அவ்வளவு பணத்தை வழியிலேயே நிறுத்தும் வாய்ப்பு உண்டு. புகார் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் அக்காவுக்கு 4,000 ரூபாய் திரும்பியதற்குக் காரணம், காலை 11 மணிக்குச் சொன்னதற்கு ஆதாரம் இருந்ததுதான்.

5. வங்கிக்கு எழுதும் கடிதத்தில் 2017 ஜூலை 6 சுற்றறிக்கையைக் குறிப்பிடுங்கள். அதன்படி, புகார் வந்த 10 வேலை நாட்களுக்குள் வங்கி அந்தத் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும், 90 நாட்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். நிரூபிக்கும் சுமை வங்கியுடையது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். அந்த ஒரு வரி இருந்தால் பேசும் தொனியே மாறுவதைப் பார்த்திருக்கிறோம்.

6. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்தால், அது ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. இது 2019 செப்டம்பர் 20 அன்று வெளியான ரிசர்வ் வங்கி ஆணை.

7. வங்கி 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, பதில் நியாயமாக இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை. 2021ஆம் ஆண்டுத் திட்டத்தின்படி, வழக்கறிஞராக இல்லாத ஒருவரைப் பாதிக்கப்பட்டவர் தன் பிரதிநிதியாக நியமிக்கலாம். அந்த ஒருவர் ஏன் நீங்களாக இருக்கக் கூடாது?

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் ஏட்டில் எழுதிய நாளில் தானாக வேலை செய்யவில்லை. ஒவ்வொரு பிரிவையும் மனப்பாடம் செய்துகொண்டு காவல் நிலைய வாசலில் நின்ற தோழர்கள்தான் அதற்கு உயிர் கொடுத்தார்கள். ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைக்கும் அதே கதிதான். படித்தவர் கையில் எடுத்துப் போனால்தான் அது பேசும்.

அக்காவின் மகள் இந்த வருடம் கல்லூரியில் சேர்ந்துவிட்டார். 23,000 ரூபாயும் வட்டிக்கு வாங்கிய பணம். வட்டிக்காரர் அடமானமாகக் கேட்டது அந்தப் புதிய ஏடிஎம் கார்டை. அக்கா கொடுக்கவில்லை. “அது எம் பேர் போட்டது தம்பி, அத்தக் குடுக்க மாட்டேன்னுட்டேன்” என்றார். அதற்காக நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி கூடுதலாகக் கட்டுகிறார்.

இதற்குப் பிறகும் அவரைக் கவனக்குறைவானவர் என்று யார் சொல்வது?

ஜெய்பீம்.